ஊரையே பூட்டிய நாள்

எனக்குச் சந்தேகப் புத்தி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் காயின் மேல் இருக்காது, அவர் கட்டைவிரலின் மேல்தான் இருக்கும். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். காலடிப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே கால் ஊன்றியவர்கள். ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு என்று இவற்றுக்கு நடுவில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

அப்படிப்பட்டவள் போயும் போயும் பூட்டே இல்லாத ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் கடைக்கு நைலான் கயிறும் போல்ட்டும் வாங்க வருவார். ஒரே ஒரு போல்ட்டுக்காக ஒரு வாரத்தில் மூன்று முறை வந்தார். ஆள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் சரியாகவே இருந்தது. வீட்டில் ஏக ரகளை. மீன் பிடிக்கிறவனா, அதுவும் தீவிலா என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அண்ணன்தான் கடைசியில் இறங்கி வந்து, பிடிவாதக்காரியோடு மல்லுக்கட்ட முடியாது என்று தாலிக்குத் தேதி பார்த்தான்.

முகத்துவாரக்குப்பத்துக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல் திட்டும் கொஞ்சம் தென்னையும் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு உப்பங்கழிக்குள் இன்னும் அரை மணி நேரம் போனால் எங்கள் தீவு. கிழக்கே கடல், மேற்கே கழி. ஐம்பது வீடு தேறாது. ஒரு கோயில், ஒரு பெட்டிக்கடை, ஐந்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எந்நேரமும் தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கொடியில் காயும் வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் கைக்கு வரும். சென்னைக்காரி என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் காலையில் படகு, பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு பஸ் என்று திருவொற்றியூர் போய்த் திரும்பி வர முழு நாள் போய்விடும். கடைசிப் படகு ஐந்து மணிக்கு. விட்டால் கரையிலிருக்கும் யாராவது சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். வாடைக் காற்று வலுத்துவிட்டால் அந்தப் படகும் இல்லை. என் சின்னவள் பிறந்தது பாதி வழியில், அந்தப் படகில்தான்.

ஆள் ஏற்றிப்போக ஊருக்கு ஒரே படகு. அதை ஓட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. இன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டு ஆள் இஞ்சினைப் பிடிப்பார். அதனால் யார் போகிறார், யார் வருகிறார், பையில் என்ன, முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எங்கள் ஊரில் ரகசியத்துக்கு ஆயுசு படகேறுகிறவரைக்கும்தான்.

வீடு என் மாமனார் கட்டியது. ஒரே நீளமான ஓட்டு வீடு. அவர் போன பிறகு நடுவில் ஒரு செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். தெற்குப் பாதி எங்களுக்கு, வடக்குப் பாதி என் கொழுந்தனுக்கு. மேலே கூரை ஒன்று, கீழே வாசல் இரண்டு. மூன்று தலைமுறையாக இருக்கிற இடம், ஆனால் எங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஊர் முழுக்க அப்படித்தான். புறம்போக்கு. மாமனார் பெயரில் ஒரு கரண்ட் பில், அவ்வளவுதான் எங்கள் ஆஸ்தி.

எனக்கு அந்தப் பாதி வீட்டுக்குப் பட்டா வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகள். அவர் தினமும் தண்ணீரில் இருக்கிறவர். சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? காலடிப்பேட்டைக்குப் போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். "உனுக்கு எத்தப் பாத்தாலும் டவுட்டுமே. சொவரு கீது, கூர கீது, வேற இன்னா வோணும்?" என்பார். அந்த மனிதருக்கு யார் மேலும் சந்தேகம் வராது. இருவருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொள்வேன்.

வந்த புதிதில் நான் செய்த முதல் காரியம் வாசல் கதவுக்குப் பூட்டு மாட்டியது. அன்றைக்கே ஊர் கூடிவிட்டது. அப்போது உயிரோடிருந்த என் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு வந்து சாவியைப் பிடுங்கித் திறந்துவிட்டார். ஆண்பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது அவன் வீட்டு வாசலைப் பூட்டக் கூடாதாம். பூட்டினால் அவன் திரும்பி வரவேண்டாம் என்று அர்த்தமாம். எந்த நேரமும் யாராவது ஒருவர் தண்ணீரில் இருக்கிற ஊரில் பிறகு யார் பூட்டு வாங்குவார்கள்? கதவுக்கு ஒரு கயிறு, சுவரில் ஒரு ஆணி. நாய் நுழையாமல் இருக்க அது போதும். எனக்குத் தூக்கம் பிடிக்க ஒரு வருஷம் ஆனது.

இந்த நாலைந்து வருஷமாகத் தீவுக்குப் புதுப்புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு பறவை பார்க்க வருகிறவர்கள் பாவம், வந்து போய்விடுவார்கள். வேறு சிலர் வருவார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்க மாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். இங்கே கிரவுண்டு என்ன விலை போகும் என்று பெட்டிக்கடையில் சோடா குடித்துக்கொண்டே கேட்பார்கள். பாலம் வந்துவிட்டால் இந்த இடம் தங்கம் என்று அவர்களே பதிலும் சொல்வார்கள். பாலம் வருகிறது என்று நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தால் ஆம்புலன்ஸ் வரும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நனையாமல் போகும், எல்லாம் சரிதான். ஆனால் ஐம்பது வீட்டுக்காக எவனாவது பாலம் கட்டுவானா? பாலம் வந்தால் அது நமக்காக வராது, நம் இடத்துக்காகத்தான் வரும் என்று நான் சொல்வேன். பெண்கள் தலையை ஆட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன் நாலெழுத்துப் படித்தவள் என்று என் பேச்சுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் படகு ஓட்டும் முறைக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ்காரர்கள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறார்கள். எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

"எதுக்காம்?" என்று கேட்டேன்.

"பட்டா தர்றதுக்குன்னு சொன்னமாறி இருந்துதுமா. போன்ல சரியா கேக்கல."

சொன்ன மாதிரி இருந்ததாம்! எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இத்தனை வருஷமாக மனு மேல் மனு கொடுத்தும் திரும்பிப் பார்க்காதவர்கள், தாங்களாகவே படகேறி வந்து பட்டா கொடுப்பார்களா? யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? அதே வாரம் ஒரு கதை வேறு காற்றில் வந்தது. கழிக்கு மேற்கே ஒரு குப்பத்தில் படகு மானியம் என்று சொல்லி வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். பிறகு பார்த்தால் இடத்தைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்ததாம். எந்தக் குப்பம், யார் வாங்கியது, யார் பார்த்தது என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள், அந்தக் கதையை மட்டும் அப்படியே விழுங்கினேன்.

இதற்கு நடுவில் என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். முகத்துவாரக்குப்பத்துப் பெண். படிப்பு மூன்றாவதோடு சரி, ஆனால் ஆள் படு சாமர்த்தியம். பத்து வார்த்தை கேட்டால் ஒன்றரை வார்த்தை பதில் வரும். மாசத்துக்கு ஒருமுறை கரைக்குப் போவதே அதிகம் என்று இருந்தவள், அந்த வாரத்துக்கு முந்தைய வாரம் மட்டும் மூன்று முறை படகேறினாள். மூன்று முறையும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே காகிதம். திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் அவளைப் பார்த்ததாகப் படகில் ஒருத்தி சொன்னாள். ஒருநாள் மத்தியானம் நான் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன், அவள் போனை நீட்டி வீட்டைப் படம் எடுக்கிறாள். அவள் பாதியை மட்டுமா? இல்லை, என் பாதியையும் சேர்த்து.

"இன்னாத்துக்குடி போட்டோ?"

"சும்மாதான்கா."

சும்மாவாம்! கரண்ட் பில் மாமனார் பெயரில். அந்த பில் இருப்பதோ அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில். சத்தம் போடாமல் மொத்த வீட்டையும் அவள் புருஷன் பெயருக்கு எழுதிக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? அவரிடம் சொன்னேன். "தம்பி அப்டிலாம் செய்ய மாட்டான்மே" என்று திரும்பிப் படுத்துவிட்டார். தம்பி செய்ய மாட்டான், சரி. தம்பி பெண்டாட்டி?

புதன்கிழமை சாயங்காலம் வலைக் கொட்டகையில் ஊர்க் கூட்டம். பெண்கள் பின்னால் நிற்பது வழக்கம். நான் முன்னால் போய் நின்றேன். ஆள் இருந்தால்தானே கையெழுத்து வாங்குவான், ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வான் என்று கேட்டேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் படகுகளில் ஏறி எதிர்க்கரைச் சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவோம், கதவு திறந்து கிடந்தால் உள்ளே புகுந்து போட்டோ எடுப்பான், அதனால் எல்லா வீட்டையும் பூட்டிவிடுவோம் என்றேன்.

ஊர்த் தலைவர் தாடையைச் சொறிந்தார். "தண்ணில ஆளு இருக்கச்சொல்ல பூட்டுறது மொற இல்லியேமா?"

"அன்னிக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போக வேணாம். ஒரு நாளு. எல்லாரும் தோப்புல ஒண்ணா இருப்போம். அப்போ பூட்டலாம்ல?"

ஒரு நாள் தொழிலை விட எங்கள் ஊர் அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்காது. அன்றைக்குச் சம்மதித்தது. பயம் அப்படி. என் கொழுந்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றதை நான் பார்த்துவைத்துக்கொண்டேன்.

பூட்டுக்கு எங்கே போவது? வியாழக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, அம்பது பூட்டா? அங்க பூட்டி வைக்க என்னட்டி இருக்கு?" என்று திட்டிக்கொண்டே ஒரு சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அசல் விலைக்குத்தான் கொடுத்தான், ஒரு ரூபாய் கூட வைக்கவில்லை. நான் வீடு வீடாகப் போய்ப் பூட்டு கொடுத்தேன். கொண்டி இல்லாத கதவுக்கெல்லாம் நானே சுத்தியலும் ஆணியுமாக நின்று அடித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம். ஊரையே காப்பாற்றப் பிறந்தவள் மாதிரி நடந்தேன்.

ஓரகத்தி பூட்டை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசற்படி ஓரமாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே ஊர் காலி. கிழவிகள், கைக்குழந்தைகள், ஆடு, கோழிக்கூடை, சோற்றுப் பாத்திரம் என்று படகுகள் நிறைந்தன. நான் என் வாசலைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவள் வாசல் திறந்திருக்கிறது. அவள் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"கெளம்பலியாடி?"

"இல்லக்கா. அவரு தண்ணில கீறாரு."

"இன்னிக்கு ஒருத்தரும் போக்கூடாதுன்னு பேசினோம்ல?"

"எறா வலைக்கு இன்னிக்கு எங்க மொற. உட்டா அடுத்த மொற எப்போ வரும்? வெடிகாலிலயே போய்ட்டாரு. நான் எப்டிக்கா கதவ பூட்டுறது?"

இறால் வாய்க்காலில் வலை போடவும் வீட்டுக்கு வீடு முறை உண்டு. அது அன்றைக்கு அவர்கள் முறைதான், பொய் இல்லை. ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. எவ்வளவு கச்சிதமான சாக்கு பாருங்கள்! ஊரில் ஒரு ஆள் இல்லாத நேரத்தில் ஆபீஸ்காரர்களோடு தனியாக உட்காரப் போகிறாள். படகு நகரும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவுக்குத் தோப்பு நேரெதிரே இருக்கிறது. கூப்பிட்டால் கேட்காத தூரம், பார்த்தால் தெரிகிற தூரம். பத்தரைக்கு வேறொரு படகில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்து இறங்கினார்கள். கையில் பைலும் டேப்பும். முதல் வீட்டுப் பூட்டை ஒருவர் தட்டிப் பார்த்தார். இரண்டாவது வீடு. மூன்றாவது. தெருவின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தோப்பில் எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி என் முதுகில் தட்டி, "சரியான ஆளுக்கா நீ!" என்றாள். அந்தப் பெண் அதிகாரி ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். எழுதட்டும் என்று நானும் சிரித்தேன்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஓரகத்தி எழுந்து நின்றாள். ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். காகிதத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். வாயே திறக்காதவள், கையை ஆட்டி ஆட்டி அப்படிப் பேசுகிறாள். பெண் அதிகாரி தலையை இப்படியும் அப்படியும் அசைத்து ஏதோ மறுத்தார். இவள் விடவில்லை. எழுந்து என் வாசலுக்கு வந்தாள். என் பூட்டின் மேல் கையை வைத்தாள். பிறகு அந்த ஆள் டேப்பை நீட்ட, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவள் பாதியைக் கடந்து, என் வாசலைக் கடந்து, என் வீட்டின் கடைசி மூலைவரைக்கும் நடந்து போய் நின்றாள்.

நான் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கமே போற? சும்மா இரு."

"என் வீட்டை அளக்கிறா, பாக்குறியா இல்லியா? கண்ணு இருக்கா உனக்கு?"

தோப்பில் எல்லாரும் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் முணுமுணுத்தது, ஒரே குடும்பம், உள்ளே எல்லாரும் ஒன்றுதான் என்று. அதுவும் என் காதில் விழுந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் தெரியாமல் யார் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்களோ என்று.

திரும்பி வந்ததும் நேரே அவளிடம் போனேன். "என்னடி எழுதிக் குடுத்த?"

"கேட்டாங்க, சொன்னேன்கா. எழுதிகினு போய்ட்டாங்க."

"என் வாசல்ல டேப்பு புடிச்சியே?"

"அவுங்களுக்கு ஆளு பத்தல. புடிக்க சொன்னாங்க, புடிச்சேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் போவதும் வருவதும் நின்றது. பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல இரண்டு வாசலிலும் புகுந்து விளையாடின. அதுகளைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடச் சுவரில் பட்டியலை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஊர் திரண்டது. "நீ படிம்மா" என்று தலைவர் என்னை முன்னால் தள்ளினார். தலைப்பைப் படித்தேன். குடியிருப்பவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்குவதற்கான கணக்கெடுப்பு. அந்த வரியை இரண்டாம் முறை படித்தேன். முதல் வீடு. பூட்டப்பட்டுள்ளது, குடியிருப்பு இல்லை. இரண்டாவது வீடு. பூட்டப்பட்டுள்ளது, குடியிருப்பு இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீடு வரும்போது என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஒரு கிழவர் மட்டும் கேட்டார். "அப்போ நம்ம ஊர்ல ஆளே இல்லன்னு எழுதிக்கினானாமா?" ஆமாம் என்று எப்படிச் சொல்வேன்? மேலே படித்தேன்.

எங்கள் வீடு வந்தது. ஒரே பதிவு. முழு நீளமும் போட்டு, குடியிருப்பவர் என்ற இடத்தில் என் கொழுந்தன் பெயர். ஊரில் அந்த ஒரு வீட்டுக்குத்தான் ஆள் இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் எங்கேயும் இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். அவள் அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். "நினைச்சதைச் சாதிச்சிட்டல்ல! என் பிள்ளைங்க வயித்துல அடிச்சிட்டல்ல!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத்தில் போட முடியாது. அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். கோபமே இல்லாமல் பார்த்தாள், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பூட்டுன வூட்டுக்கு ஆளு பேரு போட மாட்டோம்னு அந்தம்மா சொல்லிட்டாங்கக்கா. கெஞ்சிப் பாத்தேன். முடியாதுன்ட்டாங்க. அதான், ரெண்டும் ஒரே வூடு, எல்லாம் நாங்கதான் கீறோம்னு சொன்னேன். இல்லாங்காட்டி ஒன் பாதி காலி வூடுன்னு போயிருக்கும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். "அப்ப அந்த காகிதம்? மூணு வாட்டி கரைக்குப் போனது? போட்டோ எடுத்தது?"

அவள் நண்டுச் சட்டியை ஓரமாக நகர்த்தினாள். பிறகு சொன்னாள்.

"ஒன் அண்ணன் அதுக்கு முந்தி ஒருவாட்டி ஒன்ன பாக்க கரைக்கு வந்தப்ப, இங்க எடம்லாம் இன்னா வெல போவுதுன்னு கேட்டாரு. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். அதுக்கப்றம் நீ இந்த வூட்ட ஒங்க ஆளுங்க பேருக்கு எதுனா எழுதி வச்சிக்கிறியோன்னு, கரண்டு பில்லு, கார்டுலாம் எடுத்துகினு கம்ப்யூட்டர்ல பாக்கப் போனேன். மூணு வாட்டி போனேன், அவனுக்கும் ஒண்ணியும் தெரில. அதான் போட்டோ எடுத்து வச்சிகினேன். அப்றம் பாத்தா, சாக்கு நெறைய பூட்டு வந்து எறங்குது. ஊரையே பூட்டிட்டு சாவிய எவன் கைல குடுக்கப் போறாளோன்னு நெனைச்சேன். அதான் நான் வரல. தண்ணில கீறாருன்றது நெசந்தான். ஆனா அவரு போவலன்னாலும் நான் பூட்டியிருக்க மாட்டேன்."

அண்ணன் கேட்டது உண்மைதான். கடைக்காரன் எந்த ஊரில் கால் வைத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். எனக்கு அது காதில் விழுந்ததாகக்கூட நினைவில்லை. நான் அப்படியே அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவமானத்தில் வந்ததா, வேறு எதனால் வந்ததா, எனக்குத் தெரியாது.

"என் மேல அவ்ளோ சந்தேகம் இருந்துச்சுல்ல? அப்றம் எதுக்குடி என் பாதியையும் சேத்து எழுத வச்ச?"

"ஒன் மேலதான்கா சந்தேகம். புள்ளைங்க மேல இல்லியே."

ஊருக்காக ஆட்சேபனை மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது, விழ வேண்டியதும்தான். பிறகும் எத்தனையோ தடவை படகேறி, ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி அலைந்துகொண்டிருக்கிறேன். மறு கணக்கெடுப்பு உண்டு என்கிறார்கள், இல்லை என்கிறார்கள். இன்றுவரை பதில் இல்லை. காகிதப்படி என் ஊரில் ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கிறது. நான் அவர்கள் வீட்டில் ஒண்டியிருக்கிறேன்.

எங்கள் பாதியைப் பிரித்து என் வீட்டுக்காரர் பெயரில் போடச் சொல்லித் தனியாக ஒரு மனு எழுதினேன். அதற்கு என் கொழுந்தனும் ஓரகத்தியும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்துக்கொண்டு போய் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். கொழுந்தன் கேட்ட கையோடு போட்டுவிட்டார். அவள் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, போனில் படம் எடுத்தாள். முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பினாள்.

"அவரு படிச்சிட்டு சொல்லட்டும்கா. தப்பா நெனைச்சுக்காத."

"தாராளமா படிக்கட்டும்" என்றேன். நானாக இருந்தால் இரண்டு பேருக்கு அனுப்பியிருப்பேன். அந்த அண்ணன் போன் வரும்வரை அவள் பேனாவைத் தொடவில்லை. நானும் எழுந்து போகவில்லை. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு ஒரே வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.